ஞானசிகாமணி தலைவருக்கு நின்றது

கரண்டுக் கம்பத்தில் ஏறுகிறவனிடம் லைசென்ஸ் கேட்கிறார்கள். ஊரை ஆள வருகிறவனிடம் ஒன்றும் கேட்பதில்லை. ஞானசிகாமணியிடம் மட்டும் நோண்டி நோண்டிக் கேட்டார்கள். தண்ணித்தொட்டி ஆபரேட்டர் பாண்டியராஜனுக்கு இந்தக் கடுப்பு ஐந்தாறு வருடமாக ஆறவில்லை.

கடமலைக்குண்டுக்கு மேற்கே ஓர் ஊராட்சிக்கு ஞானசிகாமணிதான் வயர்மேன். தெருவிளக்கு, குடிதண்ணீர் மோட்டார் எல்லாம் அவர் லைசென்ஸ் பேரில் ஒப்பந்தம். பெண்டாட்டி பிள்ளை கிடையாது. எந்த வீட்டில் ஃபியூஸ் போனாலும் கூப்பிடுவார்கள். வேலை முடிந்தால் ஒரு சொம்புத் தண்ணீர், அவ்வளவுதான். உட்காரச் சொன்ன வீடு இல்லை.

அந்த மனுஷன் தலைவர் தேர்தலுக்கு நின்றார். ஊராட்சியில் ஒப்பந்தம் வைத்திருப்பவர் நிற்க முடியாது என்றார்கள். பிழைப்பே அதுதான்; ஆனாலும் ஒப்பந்தம் வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

"ஜெயிக்கலேன்னா சோத்துக்கு என்னண்ணே செய்வீக?" என்று கேட்டான் பாண்டியராஜன்.

"ஏலே, இருபது வருசமா ஊரக் கம்பத்து மேல இருந்துதான் பாத்திருக்கேன். ஒருதடவ இவுகளோட சமமா உக்காந்து பேசிப் பாக்கணும்டா."

மனு பரிசீலனை அன்று காலையில் மோட்டார் நின்றுபோனது. அவர் இடத்துக்கு இன்னும் புது ஆள் போடவில்லை. குடங்களின் வரிசையில் நின்ற மூக்கம்மாள் கத்தினாள்: "தலைவராகப் போறவுகளுக்கு இப்பவே கை அழுக்காகக் கூடாதோ?" ஞானசிகாமணி வெள்ளை வேட்டியோடு வந்து ஸ்டார்ட்டரைக் கழற்றி மாட்டினார். தண்ணீர் ஏறியது. பாண்டியராஜன் மோட்டார் ரூம் நோட்டை வழக்கம்போல் நீட்டினான். அவரும் வழக்கம்போல் லைசென்ஸ் நம்பர் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பத்தரைக்குப் பரிசீலனையில் எதிர்த்தரப்பு நோட்டின் அந்தப் பக்கத்தைத் தேர்தல் அதிகாரியிடம் போட்டோவாகக் காட்டியது. "இன்னைத் தேதியில வேலை பாத்திருக்காரு சார். ஒப்பந்தம் எங்க முடிஞ்சது?"

மனு தள்ளுபடி. உதவிக்குத்தான் செய்தார் என்று சொல்ல ஓர் ஆள் வரவில்லை. குடம் நிறைந்தவர்கள் வீட்டுக்குப் போயிருந்தார்கள். பாண்டியராஜன் சொல்லிப் பார்த்தான். நோட்டை நீட்டியவன் பேச்சு எடுபடவில்லை.

அடுத்த வாரம் குமுளிக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டத்து வேலைக்கு அவர் பஸ் ஏறினார். வழியனுப்ப ஒருவன்தான்.

"நோட்ட நீட்டுனது நாந்தானேண்ணே."

"விடுலே. நீட்டாட்டியும் கேட்டு வாங்கிப் போட்டிருப்பேன்."

பஸ் உறுமியதும் ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

"தொட்டிச் செவுத்துல ஓட்டுக் கேட்டு எம்பேர எழுதிப் போட்டிருக்கேன். நானே அழிச்சா அய்யோ பாவம்பாக. நீ சுண்ணாம்ப அடிச்சிரு பாண்டி."