பால்ஜாடியின் அடியில் ராணியின் தலை

அல்சூரில் பிறந்து வளர்ந்த சங்கமித்ராவுக்கு, பழம்பொருள் ஏலக் கம்பெனியில் வெள்ளிச் சாமான்களை மதிப்பிடும் வேலை. தன் கொள்ளுத்தாத்தா வெள்ளைக்காரர் பங்களாவில் தட்டு கழுவியவர் என்பதை ஆபீசில் யாரிடமும் அவள் மூச்சுவிட்டதில்லை.

ஒருநாள் அடுகோடியிலிருந்து பியாட்ரிஸ் என்ற ஓய்வுபெற்ற நர்ஸ், மகனோடும் மருமகளோடும் வந்தார். கையில் வெள்ளிப் பால்ஜாடி. அதன் வயதைத் தெரிந்துகொண்டால் போதும் என்றார்.

"எங்க தாத்தாவோட அப்பா துரை வீட்டு சமையல்காரரும்மா. அவர் கல்யாணத்துக்கு துரைசானி குடுத்தது. விக்டோரியா ராணி காலத்துது."

கூடமே திரும்பிப் பார்த்தது. சங்கமித்ராவுக்குக் கூசியது. இவரைச் சீக்கிரம் அனுப்பிவிட்டால் தேவலை. ஜாடியின் அடியிலிருந்த முத்திரைகள் மேல் லென்ஸை வைத்தாள். சிங்க முத்திரை, அசல் வெள்ளி. நங்கூரம், பர்மிங்ஹாமில் செய்தது. அடுத்தது வருஷத்துக்கான எழுத்து.

"இது ராணி செத்து இருபது வருஷம் கழிச்சு செஞ்சது ஆன்ட்டி. வீட்ல சொல்ற கதையெல்லாம் நம்பாதீங்க."

மருமகள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "இதத்தான் மம்மி ஊரெல்லாம் சொல்லிட்டிருந்தீங்களா?" என்றான் மகன். பியாட்ரிஸ் ஜாடியைத் துண்டில் சுற்றினார்.

மறுநாள், ஜாடியின் அடியை எடுத்து வைத்திருந்த படத்தைப் பெரிதாக்கியபோது சங்கமித்ராவுக்குப் பகீரென்றது. நசுங்கல் என்று நினைத்தது, விக்டோரியா ராணியின் தலை பொறித்த, தேய்ந்துபோன முத்திரை. வரி கட்டியதற்கான அந்த முத்திரை 1890-லேயே நின்றுவிட்டது. வருஷ எழுத்தோ, அகரவரிசை முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கி, சுற்றுக்குச் சுற்று திரும்ப வரும். எழுத்தின் வடிவத்தையும் சுற்றியுள்ள கட்டத்தையும் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். தொழிலின் முதல் பாடம். அவள் பார்க்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அடுகோடியில் பியாட்ரிஸின் வீட்டுக்குப் போனாள்.

"நீங்க சொன்னதுதான் நிஜம் ஆன்ட்டி. நான் தப்பா சொல்லிட்டேன்."

"என்கிட்ட எதுக்கு? அவங்க முன்னாடி சொல்லு."

உள்ளே மகனும் மருமகளும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நின்றபடியே சொன்னாள்.

"இதுகூட எப்டிங்க தப்பாச்சு?" என்றான் மகன்.

முத்திரை தேய்ந்திருந்தது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். "சரியா பாக்கல. ஆன்ட்டி அவங்க தாத்தாவோட அப்பா சமையல்காரர்னு சொன்னாங்க. எங்க கொள்ளுத்தாத்தாவும் அப்டித்தான், துரை வீட்ல தட்டு கழுவினவர். எனக்கு வெக்கமாயிடுச்சு."

"வெக்கம் உனக்கு," என்றார் பியாட்ரிஸ். "தலை குனிஞ்சது நான்."

மகன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "மம்மி, அந்த ஜாடி எங்க?" என்றான்.

"பீரோல." பியாட்ரிஸ் அதை எடுக்கப் போகவில்லை. சங்கமித்ராவிடம் ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினார். அவள் நின்றபடியே குடித்துவிட்டுப் படியிறங்கினாள்.