ஒரே பந்தலில் மூன்று கிழங்குக்காரர்கள்

கருவாட்டைக் கிள்ளி நாக்கில் வைத்துக்கொண்டே, "ஒன் மாமியாருக்கு எந்த ஊரு?" என்று கேட்பார் சுப்பையன். விற்க வந்தவன் விழிப்பான். கருவாட்டுக்கும் மாமியாருக்கும் என்ன சம்பந்தம் என்று புரியாமலே ஊரைச் சொல்வான். "கூடப் பொறந்தவங்கள எங்கெங்க கட்டிக் குடுத்திருக்கு?" என்று அடுத்த கேள்வி வரும். உப்பு எப்படி, விலை என்ன என்பதெல்லாம் அதற்கும் பிறகுதான்.

அது மலாக்காவை ஜப்பான்காரன் ஆண்ட காலம். காஜா பேராங்கில் மாணிக்கவாசகம் ஒரு சமையல் கொட்டகை நடத்தினார்; எங்களுக்கெல்லாம் அவர்தான் தவ்கே, முதலாளி. ஜப்பான்காரனுடைய லாரிப் பட்டறை ஆட்களுக்கு மத்தியானச் சாப்பாடு அங்கிருந்துதான் போகும். அரிசி கண்ணில் படாத நாட்கள். மரவள்ளிக்கிழங்குதான் சோறு, அதுவேதான் பலகாரம். சாமான் வாங்கிச் சேர்ப்பது முழுக்கச் சுப்பையன் பொறுப்பு. ஊரில் அவருக்குச் 'சாமான்காரர்' என்றே பெயர். எனக்கு அத்தான் முறை. அவர் மனைவி தெய்வானை என் பெரியம்மா மகள். நானும் அந்தக் கொட்டகையில்தான் கிழங்கு உரித்தேன்.

கொட்டகையில் வேலை செய்தவர்களுக்கும் அங்கே சாமான் போட்டவர்களுக்கும் சட்டையில் குத்திக்கொள்ளப் பட்டறை ஒரு துணி அட்டை கொடுத்தது. அட்டை இல்லாத ஆம்பிளையைத் தெருவில் கண்டால் லாரியில் ஏற்றிச் சயாமுக்கு ரயில்பாதை போட அனுப்பிவிடுவார்கள். போனவர்களில் யார் திரும்பினார்கள்? என் கொழுந்தனே திரும்பவில்லை. பட்டறை சார்ஜன்ட் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டான்: சாப்பாடு வராத அன்றைக்கே எல்லார் அட்டையும் பறிபோகும்.

ஆகவே சுப்பையன் ஒருத்தரை நம்பி உலை வைக்கமாட்டார். கிழங்குக்கு மூன்று பேர்: புக்கிட் காதிலில் அண்ணாமலை, உஜோங் பாசிரில் பொன்னையா, தெங்கேராவில் நல்லையா. மூன்று பேருக்கும் ஒட்டு உறவு இருக்கக்கூடாது. "அண்ணன் தம்பிகிட்ட கிழங்கு வாங்குனா, அப்பன் செத்த அன்னிக்கு ரெண்டு வண்டியும் நிக்கும்லா" என்பார். மாமியார் விசாரணையெல்லாம் அதற்குத்தான். பக்கத்துச் செட்டி வீட்டு சிவகாமசுந்தரி பீபியிடம் ஒருமுறை தேங்காய் வாங்கப் போய் வம்சம் விசாரித்தார். மலாக்காச் செட்டிகள் பழைய தமிழ் வம்சம்தான், ஆனால் அவர்கள் பேச்சு மலாய்ப் பேச்சு. "மாவ் பெலி, பெலி லா!" என்று அந்த அம்மாள் கதவைச் சாத்திவிட்டாள். வாங்குவதென்றால் வாங்கு, கேள்வி கேட்காதே என்று அர்த்தம். சுப்பையன் அசரவில்லை. "தனிக் கட்ட. நம்பி வாங்கலாம்" என்று திரும்பி வந்தார்.

மூட்டையைப் பிரித்தால் மேலே பார்க்கமாட்டார். கையைத் தோள்வரைக்கும் விட்டு அடிக்கிழங்கை எடுத்து முறிப்பார். "மேல பாக்குறவன் மாப்பிள்ள பாக்க வந்தவன். அடியில பாக்குறவந்தான் சாமான் வாங்க வந்தவன்." அப்படித் துழாவித் துழாவி வலது கை எப்போதும் இடது கையைவிட ஒரு சுற்றுக் கறுப்பு.

விலையை ஜப்பான்காரன் அடித்த வாழைமர நோட்டில் பேசுவதில்லை. காலையில் பேசிய நோட்டு சாயங்காலம் சுருட்டு பற்றவைக்கத்தான் ஆகும். மூட்டைக்கு ஒரு போத்தல் தேங்காயெண்ணெய் என்பது பேச்சு. பசாரில் உப்பு விலை ஏறினால் எண்ணெய் கொஞ்சம் கூடும், இறங்கினால் குறையும். பேச்சு முடிந்ததும் அந்த வீட்டுப் பெண்பிள்ளையைக் கூப்பிட்டு, அவள் காதுபட விற்பவனையே விலையைத் திரும்பச் சொல்ல வைப்பார். "ஆம்பள குடுத்த வாக்கு கள்ளுக்கட வரைக்குந்தான். பொம்பள காதுல விழுந்துட்டா சாகுற வரைக்கும் மாறாது." இதற்காகத் தெய்வானையையும் கூட்டிப்போவார். ஆண்கள் வாசலில் விலை பேசும்போது அக்கா உள்ளே அடுப்படியில் பேசிக்கொண்டிருப்பாள். அவள் உள்ளே என்ன பேசினாள் என்று மட்டும் சுப்பையன் ஒருநாளும் கேட்டதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை. அடுப்பு எரிகிறது, அண்டாவில் தண்ணீர் கொதிக்கிறது, கிழங்கு வரவில்லை. அண்ணாமலை வீட்டில் அன்று கலியாணம். அது சுப்பையனுக்குத் தெரியும். மற்ற இருவரும் வழக்கம்போல் கொண்டுவருவார்கள் என்று நம்பியிருந்தார். பொன்னையா வண்டியையும் காணோம், நல்லையா வண்டியையும் காணோம். மாணிக்கவாசகம் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"என்னய்யா சாமான்காரரே, மூணு பேரு மூணு பேருன்னீரே?"

"வருவாங்க தவ்கே. மூணு பேரும் ஒண்ணா எப்படிக் கவுருவாங்க?"

அப்போது தெய்வானை அக்கா பட்டுச்சேலையும் தலை நிறையப் பூவுமாக வந்து நின்றாள். "இன்னும் சட்ட மாத்தலியா நீங்க? முகூர்த்தம் தவறிரும்."

"கிழங்கக் காணோமேன்னு நான் தவிக்கிறேன், நீ சட்டையிலயே இரு. பொன்னையா எங்க போனான்?"

"எங்க போவாரு? மாப்பிள்ளைக்கு அப்பா, பந்தல்ல இருக்காரு."

"மாப்பிள்ளைக்கு அப்பாவா?" என்றார் சுப்பையன்.

விஷயம் இதுதான். அண்ணாமலை மகளைப் பொன்னையா மகனுக்கும், நல்லையா மகளை அண்ணாமலை மகனுக்கும் அக்கா பேசி முடித்திருந்தாள். சாமான் தட்டுப்பாடான காலம், இரண்டு கலியாணமும் ஒரே பந்தலில்.

"அடிப்பாவி, சொல்லக்கூடாதா?"

"சொன்னேனே! நீங்க தேங்காயக் காதுல வச்சு ஆட்டிக்கிட்டு ஊம் ஊம்னீங்க."

சட்டையை மாற்றிவிட்டு, ரப்பர் குழாயை டயராகக் கட்டிய சைக்கிளில் அக்காவை ஏற்றிக்கொண்டு அவர் புக்கிட் காதிலுக்கு மிதித்தார். நானும் ரெண்டு ஆட்களும் மாட்டுவண்டியில் பின்னால் போனோம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சுப்பையன் பந்தலின் பின்பக்கம் அடுப்புகளின் முன்னால் மலைத்து நின்றார். மூன்று வீட்டுக் கிழங்கும் அங்கே வெந்துகொண்டிருந்தது. கிழங்குக் கூட்டு, கிழங்குப் பொரியல், மலாக்கா வெல்லமும் தேங்காய்ப்பாலும் விட்டுக் கிழங்கு மாவுப் பாயசம்.

"எல்லாத்தையும் வண்டியில ஏத்துங்க" என்றார்.

"ஏத்துறதா? பந்திக்கு எல போட்டாச்சு மச்சான்" என்றார் அண்ணாமலை. "நீங்களே நடத்தி வைக்கிற கலியாணம், பட்டறையிலயும் நீங்களே சொல்லியிருப்பீங்கன்னு இருந்தோம்."

பொன்னையா தொண்டையைச் செருமினார். அவருக்கு எந்த நேரத்திலும் வியாபார மூளை. "குடுக்கலாம். சமைச்ச கிழங்கு வேற வெல. மூட்டைக்கு ரெண்டு போத்தல்."

"ரெண்டு போத்தல்" என்றார் அண்ணாமலை.

"ரெண்டு" என்றார் நல்லையா.

"நேத்து வரைக்கும் மூணு பேரு மூணு வாயி. இன்னிக்கு ஒரே வாயா?"

"சம்பந்தி ஆயிட்டோம்ல" என்று பொன்னையா மீசையைத் தடவினார். "ஒங்க வீட்டம்மா செஞ்சு வச்ச ஏற்பாடு."

சுப்பையன் அக்காவைப் பார்த்தார். அந்தப் பார்வையில் தாலி கட்டிய காலம் முதல் உள்ள கணக்கெல்லாம் இருந்தது. அக்கா பூவைச் சரிசெய்துகொண்டு வேறெங்கோ பார்த்தாள்.

அப்போது மணையில் உட்கார்ந்திருந்த பொன்னையா மகன் மாலையோடு எழுந்து வந்தான். "அப்பா, என் அட்ட எந்தக் கொட்டகையில வாங்குனது?"

பொன்னையா கை மீசையிலேயே நின்றது.

"ஒங்க அட்டையும் அங்கதான். மாமா அட்டையும் அங்கதான். இன்னிக்குச் சாப்பாடு போகலன்னா தாலியக் கட்டிட்டு நான் நேரா சயாம் லாரியில ஏற வேண்டியதுதான்."

உள்ளேயிருந்து நல்லையா மனைவி ருக்மணி அகப்பையோடு வந்தாள். "ரெண்டு போத்தலாமே, ரெண்டு! ஒரு போத்தல்னு என் காதுபட நின்னு சொன்ன வாயி எது? ஏத்துங்கய்யா சட்டிய! பொண்ணு தாலியறுக்கவா கலியாணம்?"

ஏற்றினார்கள். சம்பந்திகள் மூவரும் வேட்டியை மடித்துக் கட்டி அண்டா தூக்கினார்கள். பந்திக்கு வந்தவர்களுக்கு மிஞ்சியது அவித்த கிழங்கும் உப்பும்தான். அண்டா வண்டியேறும்போதுகூட, "வெல பழைய வெலதான்" என்று சுப்பையன் ஆளுக்கு ஒருமுறை சொல்ல வைத்தார். பொன்னையாவின் குரல்தான் கொஞ்சம் கம்மியது.

பட்டறை வாசலுக்கு வண்டி போனபோது மத்தியானச் சாப்பாட்டுச் சங்கு ஊதிக்கொண்டிருந்தது. கொம்பில் மாலையோடு மாடு, வண்டியில் வாழையிலைத் தோரணம், கழுத்தில் சந்தனத்தோடு சுப்பையன். ஆட்கள் தட்டோடு ஓடிவந்தார்கள். சார்ஜன்ட் கையை நீட்டித் தடுத்தான். அண்டாக்களைப் பார்த்தான், மாலையைப் பார்த்தான், பிறகு சுப்பையன் நெஞ்சைப் பார்த்தான். அங்கே அட்டை இல்லை. அது காஜா பேராங்கில் பழைய சட்டையில் கொடியில் தொங்கியது. அட்டை இருக்கவேண்டிய இடத்தில் சார்ஜன்ட் விரலால் குத்தினான். 

சுப்பையன் பாயச அண்டாவைத் திறந்து, ஒரு அகப்பை மொண்டு, நீட்டியிருந்த அந்த விரல்மேல் ஒரு சொட்டு விட்டார். விரல் வாய்க்குப் போகும்வரை அகப்பையைக் கீழே இறக்கவில்லை.