ஸ்டாண்டுக்கு ரெண்டு தே ஐஸ்

கேமரா ஸ்டாண்டை விழாமல் நிறுத்தி வைத்திருந்த எடையை ஸ்ட்ரா போட்டு உறிஞ்சிக் குடித்தவன் இந்தப் பினாங்கில் ஒருவன்தான் இருப்பான். அவன் எழுதுவதைத்தான் நீங்கள் வாராவாரம் படிக்கிறீர்கள். உங்கள் தலையெழுத்து!

நான் ஒரு விலாக் சேனல் நடத்துவது உங்களுக்குத் தெரியும். தீவில் கால்போன போக்கில் நடப்பேன், பேசுவேன், மூச்சு வாங்குவேன். சந்தாதாரர்கள் எழுபத்து மூன்று பேர். அறுபது பேர் சொந்தக்காரர்கள்... மீதிப் பேரை என் மனைவி மிரட்டிச் சேர்த்தாள்.

இத்தனை நாளாக ஃபோனைப் பிடித்துப் படமெடுத்தது என் மகள் யாழினி. ஜொகூரில் வேலை கிடைத்து அவள் போய்விட்டாள். சரி, மனைவியைக் கேட்டுப் பார்ப்போமே?

"நானா? வெயில்ல நின்னு உங்க மூஞ்சியப் புடிக்கவா? வீட்டுல பாக்குறது பத்தாதா?"

ஆக, தனியாக எடுக்க வழி கண்டுபிடிக்க வேண்டும். இல்லையென்றால் சேனலுக்குப் பூட்டு. யாழினி கிளம்பும்போதே சொல்லியிருந்தாள்: "ஒரு ஸ்டாண்ட் வாங்கிக்குங்கப்பா. லேசா வாங்குங்க. ஆயர் ஈத்தாம் மலைப்படியெல்லாம் அதைத் தூக்கிட்டு ஏறப்போறது நீங்கதான்."

ஞாயிறு காலை கடைக்குப் போனேன். சாக்லெட் கடைக்குள் விட்ட பிள்ளை மாதிரி ஆகிவிட்டேன். எத்தனை ஸ்டாண்டுகள்! முதலில் கண்ணில் பட்டது, கல்யாண வீடியோக்காரர்கள் வைத்திருக்கும் ஜாதி. என்ன கம்பீரம்! தூக்கினேன். இடுப்பில் ஒரு சத்தம். ஸ்டாண்டிலிருந்து வந்த சத்தம் அல்ல. இறக்கி வைத்துவிட்டேன்.

அடுத்தது, கால்களை ரப்பர்போல வளைத்து எதிலும் சுற்றிக்கொள்ளலாம் என்றார்கள். பரிசோதனைக்காக என் மணிக்கட்டில் சுற்றினேன். கழற்றக் கடைக்காரர் செல்வா வர வேண்டியிருந்தது.

"அண்ணே, இது கிளை, கம்பி ஏதாச்சும் இருந்தாத்தான் லா. வெட்டவெளியில எதுல சுத்துவீங்க? இதப் பாருங்க."

அவர் நீட்டியது மடக்கினால் குடை அளவுகூட இல்லை. இழுத்தால் என் நெஞ்சு உயரம். மூன்று கால். எடை? சட்டைப் பையில் வைத்து மறந்துவிடலாம்போல இருந்தது.

"இவ்ளோ லேசா இருக்கே, காத்துல பறந்துடாதா?"

"கால நல்லா விரிச்சு வைங்க. நடுக்கம்பிய முழுசா இழுக்காதீங்க. கீழ கொக்கி இருக்கு பாருங்க? உங்க பைய அதுல மாட்டுங்க. அப்புறம் ஆடாது."

அடடா! லேசான பொருளின் ரகசியமே இதுதானே? எடையை நாம் சுமந்து திரிய வேண்டாம். போகிற இடத்தில் கிடைப்பதை மாட்டிக்கொள்ளலாம். கடையை விட்டு வெளியே வந்தபோது எனக்கு வயது பதினெட்டு.

நேரே எஸ்பிளனேட். கடற்கரைச் சுவரை ஒட்டிய புல்தரையில் ஸ்டாண்டை விரித்து ஃபோனைப் பொருத்தினேன். கடல்காற்று அடித்தது, ஸ்டாண்ட் தள்ளாடியது. பையை மாட்டலாமென்றால்... அது காரில்! காரோ ரொம்ப தூரத்தில். கையில் இருந்தது, வரும் வழியில் சாலையோர ஒட்டுக்கடையில் வாங்கிய தே ஐஸ், அதாவது ஐஸ் போட்ட பால் டீ மட்டும். நம் ஊர் வழக்கப்படி பிளாஸ்டிக் பையில் ஊற்றி, ஓரத்தில் கயிறு கட்டி, ஸ்ட்ரா செருகியது. கயிற்றைக் கொக்கியில் மாட்டினேன்.

நின்றது! மலைபோல நின்றது!

பேசினேன் பாருங்கள், அப்படி ஒரு பேச்சு. வெயில் ஏறியது, தொண்டை வறண்டது. என் கண்ணெதிரே, வியர்த்து வழிந்துகொண்டு, ஜில்லென்று தொங்குகிறது ஒரு தே ஐஸ். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? குனிந்து ஒரு உறிஞ்சு. மறுபடி பேச்சு. மறுபடி ஒரு உறிஞ்சு. ஐந்தாவது உறிஞ்சில் பையில் ஐஸ்கட்டி மட்டும் மிச்சம். காற்று ஒரே தள்ளு. ஃபோன் புல்லில் குப்புற விழுந்தது.

நடைப்பயிற்சி போய்க்கொண்டிருந்த ஒரு பெரியவர் நின்று பார்த்தார். "ஏன் தம்பி, டீ தீர்ந்துச்சுன்னா படமும் முடிஞ்சிருமா?"

நல்லவேளை, ஃபோனுக்குக் கீறல்கூட இல்லை. ஒட்டுக்கடைக்கு ஓடினேன்.

"அக்கா, தே ஐஸ் ரெண்டு. பெரிய பையில."

"இப்பத்தானே ஒண்ணு வாங்கிட்டுப் போனீங்க?"

"இது எனக்கில்லக்கா. ஸ்டாண்டுக்கு."

அக்கா சிரிக்கவே இல்லை. "ஸ்டாண்டுக்குச் சீனி போடவா, வேணாமா?"

ஸ்ட்ரா மட்டும் வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டு வாங்கி வந்தேன். என்னை நான் அறிவேன்! இரண்டையும் கொக்கியில் மாட்டி, காலை இன்னும் கொஞ்சம் விரித்து, மறுபடி ஆரம்பித்தேன். எட்டு நிமிடம். ஒரு ஆட்டமில்லை, ஒரு நடுக்கமில்லை. கப்பல் வருகிறது, மேகம் நகர்கிறது, நடுவில் சிங்கம்போல நான். சேனல் பிழைத்துவிட்டது ஐயா!

அங்கேயே நின்று யாழினிக்கு வீடியோவை அனுப்பினேன். கூடவே ஒரு மெசேஜும்: "பார்த்தாயா மகளே! இனி அப்பாவுக்குக் கேமரா பிடிக்க யாருமே தேவையில்லை. எட்டு நிமிடம்! எப்படி இருக்கிறது?"

பத்து நிமிடம் கழித்துப் பதில் வந்தது.

"சட்டை பட்டன் மாத்திப் போட்டிருக்கீங்கப்பா."