பழைய மேலதிகாரியின் சத்தியக் கடதாசி

நான் மூன்று வருடம் வேலை செய்தது உண்மை என்று சொல்ல ஒரே ஓர் ஆள்தான் மிச்சம் இருந்தார். அவரோடுதான் நான் சண்டை போட்டுக்கொண்டு வந்திருந்தேன்.

திறமையான தொழிலாளர்களுக்கான விசாவில் அவுஸ்திரேலியா போக முயன்றுகொண்டிருந்த நேரம் அது. வயது, படிப்பு, ஆங்கிலம், அனுபவம் என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி போடுவார்கள். கண்டிக்குப் பக்கத்தில், பல்லேகலயில் ஓர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் நான் பொறியியலாளராக இருந்த மூன்று வருடத்தையும் சேர்த்தால்தான் எனக்குப் புள்ளி எட்டும். தொழிற்சாலையையோ இழுத்து மூடிவிட்டார்கள். அங்கே எனக்கு மேலே இருந்தவர், நான் வேலை செய்தது உண்மை என்று சத்தியம் செய்து ஒரு சத்தியக் கடதாசி கொடுத்தால் போதும் என்றார் விசா முகவர். அடுத்த பிறந்தநாளோடு என் வயதுக்கான புள்ளியும் குறைந்துவிடும்.

மேலே இருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர், கண்டியிலேயே தங்கிவிட்டவர், கறாரான மனிதர். நானும் லேசுப்பட்ட ஆளில்லை. எல்லார் முன்னாலும் ஏசிவிட்டார் என்று அன்றைக்கே விலகல் கடிதத்தை அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தவன். அதற்குப் பிறகு அவர் இருந்த பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

“போயிட்டு வாங்க. அவரு என்ன கடிச்சா திங்கப் போறாரு?” என்றாள் மனைவி.

எங்கள் நாட்டில் கடிதம் வேண்டியவனே அதை எழுதிக்கொண்டு போக வேண்டும்; பெரியவர்கள் கையெழுத்து மட்டும் வைப்பார்கள். நானும் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்துகொண்டு குண்டசாலையில் இருந்த அவர் வீட்டுக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

“இரும்,” என்று கதிரையைக் காட்டிவிட்டு, நான் நீட்டிய கடிதத்தை வாசித்தபடியே பேனையை எடுத்தார்.

“இதிலையும் உதவினீர், அதிலையும் உதவினீர். அப்ப ஆர் செய்தது?”

மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவன் நான். செய்ததை நான்தான் செய்தேன் என்று சொன்னால் அங்கே தலைக்கனம் பிடித்தவன் என்பார்கள். என்னைப் பற்றி நானே எழுதக் கூசி, எல்லா வரியிலும் ‘உதவினார்’ என்று போட்டிருந்தேன்.

“நான்தான் செஞ்சேன் சார்.”

“பிறகென்ன?” ஒவ்வொன்றாக வெட்டி, ‘செய்தார்’ என்று திருத்தினார். எனக்கு மூச்சு வந்தது. அடுத்த வரியில் பேனை நின்றது.

“புது பொயிலரைப் பூட்டினது நீரோ?”

புதுக் கொதிகலனைப் பொருத்தவும் உதவினார் என்று, கடிதம் ஒல்லியாக இருக்கிறதே என்பதற்காகக் கடைசியில் சேர்த்த வரி அது. என் காதெல்லாம் சூடாகிவிட்டது. அவரே பதில் சொன்னார்.

“அது நான் பூட்டினது. நீர் அப்ப லீவில நிண்டனீர். சத்தியம் பண்ணிக் குடுக்கிற கடதாசியில பொய் எழுதேலாது.” அந்த வரியை முழுதாக வெட்டினார்.

போச்சு, இனிக் கையெழுத்தும் கிடைக்காது என்று நினைத்தேன். அவரோ கீழே இருந்த வெற்றிடத்தில் தன் கையாலேயே எழுதத் தொடங்கினார். அவசரமாக அனுப்ப வேண்டிய ஓர் ஓடருக்காகப் பாதுகாப்பு மூடியைக் கழற்றிவிட்டு ஓட்டிய வெட்டும் இயந்திரத்தை, ஒரு பெண்ணின் கை அகப்படப் போன நேரத்தில், யாருடைய அனுமதிக்கும் காத்திராமல் இவர் நிறுத்தினார் என்று எழுதினார். அன்றைக்கு ஓடர் பிந்தியது. யாரைக் கேட்டு நிறுத்தினீர் என்று எல்லார் முன்னாலும் என்னை ஏசியது அவரேதான். இரண்டு முறை வாசித்தும் என்னால் நம்ப முடியவில்லை.

திருத்தியபடி நான் மறுபடி தட்டச்சு செய்ததில், மறுநாள் கண்டியில், சத்தியக் கடதாசிகளை உறுதிப்படுத்தும் சமாதான நீதவான் முன்னால் அவர் கையெழுத்து வைத்தார். என் பிறந்தநாளுக்கு முன்பே விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது.

விசா கிடைத்துவிட்டது என்று மின்னஞ்சல் வந்ததும் மனைவியைக் கட்டிப்பிடித்து அழுதேன். நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிவிட்டது. பிறகு அவருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“ஓம், நல்லது,” என்றார். “தம்பி, அண்டைக்கு நான் ஏசினது பிழை. ஆனா அங்கை ஆரும் ஏசினா உடனே வேலையை விட்டுப்போட்டு ஓடாதையும். பிழை எண்டு சொல்ல அவனுக்கும் கொஞ்ச நாள் குடும்.”