ராசாவின் கதிரைக்குக் காவல்

அருங்காட்சியகக் காவலாளியின் மூலதனம் முழங்கால். நின்றே சம்பளம் வாங்குகிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. லண்டனில் ஒரு சிறிய அருங்காட்சியகத்தில், சனம் தலையை வெட்டிய ஒரு பிரெஞ்சு அரசன் உட்கார்ந்த கதிரைக்குப் பக்கத்தில் பதினொரு வருடம் நின்றேன். கதிரையைச் சுற்றிச் சிவப்புக் கயிறு. கயிற்றுக்கு இப்பால், இடைக்கிடை இருந்து எழும்ப எனக்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல்.

ஐந்து காரணங்கள்

சுவரில் ஒரு பலகை. புரட்சி ஏன் வந்தது என்று அதில் ஐந்து காரணங்கள் ஆங்கிலத்தில் இருந்தன. பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். அகராதியை வைத்துக்கொண்டு அதைப் படித்து முடிக்க எனக்கு ஒரு மாரிகாலம் முழுக்கப் போனது.

எட்மண்டனிலிருந்து வந்த ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு விரல் மடக்கிச் சொன்னேன்: விளைச்சல் பொய்த்தது, கோதுமைப் பாண் விலை ஏறியது, பிரபுக்கள் வரி கட்டவில்லை, கஜானா காலி, சனம் எழுதிக் கொடுத்த குறைகளை அரசன் கவனிக்கவில்லை. தகப்பன் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார். பிறகு என் ஸ்டூலைக் காட்டினார்.

"அண்ணை, இதில இருந்தது ராசாவின்ர மனிசியோ?"

மெத்தென்ற சப்பாத்து

புதிய மேலாளர் வந்தார். ஸ்டூலில் இருந்துகொண்டு காவல் பார்ப்பது சோம்பேறித்தனமாகத் தெரிகிறதாம். ஒரு காலை எல்லா ஸ்டூல்களும் வான் வண்டி ஒன்றில் ஏறிப் போயின. சுவரில் சாய்ந்தால் எச்சரிக்கைக் கடிதம். எனக்கு இரண்டு வந்துவிட்டன. மூன்றாவது வந்தால் வீடுதான். கோலியர்ஸ் வுட்டில் என் வீட்டில் மனைவி இருந்த காலத்தில் முழங்காலுக்கு ஒத்தடம் பிடித்துவிடுவா. அவ போன பிறகு, வேலையும் இல்லாமல் பகல் முழுக்க அந்த வீட்டில் நான் என்ன செய்வது?

கால் நோவை மேலாளரிடம் போய்ச் சொன்னேன். உண்மையான இரக்கத்தோடு கேட்டுவிட்டுச் சொன்னார்:

"ஸ்டூல் இல்லாவிட்டால் என்ன, காலுக்கு மெத்தென்ற சப்பாத்து வாங்கிப் போடுங்களேன்."

பெட்டி

அதன் பிறகு, எங்கள் குறைகளைக் கேட்க மேலாளர் ஒரு மரப்பெட்டி வைத்தார். பலகையின் ஐந்தாவது காரணத்தை அவரும் வாசித்திருக்கிறார் என்று சந்தோஷப்பட்டேன். நானும் எழுதினேன், பக்கத்து அறையில் நிற்கும் மன்னார் பீலிக்ஸும் எழுதினான். மேல்மாடியில் நிற்கும் கானா நாட்டுக்காரி கம்ஃபர்ட் தன் முழங்கால் எக்ஸ்ரேயையே சுருட்டிப் போட்டா. மூன்று மாதம் பதில் இல்லை. பீலிக்ஸ் விசாரித்துக்கொண்டு வந்தான்.

"அண்ணை, அந்தப் பெட்டிப் பூட்டுக்குத் திறப்பே இல்லையாம். எங்கட குறையள் எல்லாம் உள்ளுக்குப் பத்திரமாக் கிடக்காம்."

கயிறு

டூட்டிங் பக்கத்துத் தேவாலயம் ஒன்றிலிருந்து முதியவர்கள் சுற்றுலா வந்தார்கள். என் அறையில் ஒரு மாமிக்குத் தலை சுற்றியது. "தம்பி, கெதியா இருக்க ஒண்டு தா" என்றா. அறையில் இருந்தது ஒரே ஒரு கதிரை. கயிற்றை அவிழ்த்தேன். மாமி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அரசனின் கதிரையில் சாய்ந்தா. கட்டிடம் முழுக்க மணி அலறியது.

மேலாளர் எச்சரிக்கைக் கடிதம் எழுதப் பேனாவோடு ஓடிவந்து, கயிற்றை அவிழ்த்தது யார் என்று கேட்டார். "நான்" என்றேன். "நான்தான்" என்று வாசலில் பீலிக்ஸ் மூச்சிரைத்தான். மாடிப்படியால் இறங்கி வந்த கம்ஃபர்ட், என்ன கேள்வி என்றே தெரியாமல், "நான்" என்றா. மூன்று பேரையும் அனுப்பிவிட்டால் காவலுக்கு ஆள் இல்லை. மேலாளர் பேனாவை மூடினார். மாமியிடம் திரும்பி, இதற்கு என்ன காரணம் என்று கேட்டார். தமிழில் மாற்றிச் சொன்னேன். மாமி அசையவில்லை.

"நிக்க ஏலேல்லை, இருந்தனான். அதுக்கும் ஒரு காரணம் வேணுமோ?"

அடுத்த கிழமையே ஸ்டூல்கள் 'பார்வையாளர்களுக்கு மட்டும்' என்ற அட்டையோடு திரும்பி வந்தன. புரட்சிக்கு முன் ஒரு கதிரைக்குக் காவல் நின்ற நான், அதற்குப் பின் இரண்டுக்கு நின்றேன்.