குழந்தை யார் ஜாடை?

என் மகள் எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். எடை ஒன்றரைக் கிலோகூட இல்லை. காஞ்சிபுரத்தில் நாங்கள் சேர்ந்திருந்த மருத்துவமனையில் அவளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். "பார்த்துவிட்டேன், நன்றாக இருக்கிறாள்" என்று மனைவியிடம் சொன்னேனே தவிர, இரண்டு நாளாக அந்தப் பக்கமே போகவில்லை. குழந்தை பிழைக்காது என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்துவிட்டால் அப்புறம் மறக்க முடியாதே என்று பயந்தேன்.

மூன்றாம் நாள் காலை நர்ஸ் என்னை வராந்தாவில் பிடித்துக்கொண்டார்.

"உங்க வீட்டுக்காரம்மாவுக்கு ஜுரம் விடல. நீங்கதான் குழந்தைய நெஞ்சுல வெச்சி சூடு குடுக்கணும். சட்டைய கழட்டுங்க."

தினமும் பட்டு இழையைப் பிடிக்கிற கைக்கு, அன்று ஒரு பொத்தானைக் கழற்ற வரவில்லை. உள்ளே தன் குழந்தையை வெறும் மார்பில் சாய்த்து உட்கார்ந்திருந்த ஒரு பாய் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"எனக்கும்தான் பயமா இருந்துச்சு. நாலு நாளா வெச்சிக்கினு இருக்கேன். வந்து குந்துபா."

நர்ஸ் அவளை என் மார்போடு சேர்த்துத் துணியால் கட்டினார். கொஞ்ச நேரத்தில் அவள் விரல்கள் என் மார்பு முடியை இறுகப் பற்றின. வலித்தது. இவ்வளவு பலமா இவளுக்கு என்று நினைத்ததும் அழுதுவிட்டேன். பாய் தன் துண்டை நீட்டினார்.

நான்கு வாரத்தில் வீடு திரும்பியதும், மனைவியிடம் உண்மையைச் சொன்னேன்.

"அப்பவே தெரியும். குழந்தை யார் ஜாடைன்னு கேட்டேன், உங்களுக்குச் சொல்லத் தெரியலையே" என்றாள். அவள் கோபிக்கவில்லை.

மகளுக்கு இப்போது மூன்று வயது. "அப்பா" என்று அவள் கூப்பிட்டால், எந்த வேலையில் இருந்தாலும் எழுந்து போய்விடுகிறேன்.