மழையில் பார்த்த வீடு

வீடு வாங்கப் போகிறவர்கள் என்னிடம் யோசனை கேட்டால், வெயிலில் போய்ப் பார்க்காதீர்கள் என்றுதான் முதலில் சொல்வேன். வெயிலில் எல்லா வீடும் அழகாகத்தான் இருக்கும். நல்ல மழை கொட்டும்போது போங்கள். குடையோடு ஒரு கோலிக்குண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். என் அலுவலகத்தில் இதைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. அப்படிச் சிரித்த ஒருவர் இப்போது ஒவ்வொரு மழைக்கும் கூரைக்காரரைத் தேடி போன் அடித்துக்கொண்டிருக்கிறார்.

யோசனை என்னுடையதல்ல, அம்மாவுடையது.

எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். மலேசியாவில் கோல சிலாங்கூர் பக்கம் நாங்கள் இருந்த செம்பனைத் தோட்டத்தை விற்றுவிட்டார்கள். வரிசையாகக் கட்டிய தொழிலாளர் லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொல்லி, குடும்பத்துக்கு இவ்வளவு என்று நஷ்ட ஈடு கொடுத்தார்கள். அப்பா அந்தத் தோட்டத்தில் செம்பனைப் பழம் ஏற்றும் லோரி ஓட்டினார். அம்மாவுக்கு ராவாங்கில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை. இருட்டோடு தொழிற்சாலை பஸ் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போகும். அவ்வளவு பெரிய தொகை எங்கள் வீட்டுக்குள் அதற்கு முன் வந்ததில்லை, இனி வரப்போவதும் இல்லை. அதை முன்பணமாகக் கட்டி, மீதிக்கு வங்கிக் கடன் எடுத்து, ஒரு வீடு வாங்க வேண்டும். வாங்கிய வீடு மோசமாகப் போனால் மறுபடி வாங்க வழியில்லை. சின்னப் பெண்ணான எனக்கே இது தெரிந்திருந்தது. அப்பாவும் அம்மாவும் அந்த நாள்களில் வேறு எதையும் பேசவில்லை.

எங்களுக்கு வழிகாட்ட வந்தவர் பெரியப்பா, அப்பாவின் அண்ணன். எங்கள் சொந்தத்தில் தாமான் என்கிற புதுக் குடியிருப்பில் வீடு வாங்கிக் குடியேறிய முதல் ஆள் அவர்தான். அதனால் வீட்டு விஷயத்தில் அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று எல்லாரும் நம்பினார்கள். எல்லாரையும்விட அவர் அதிகமாக நம்பினார்.

அவர் முதலில் காட்டியது ராவாங் பக்கம் சுங்கை சோவில் ஒரு வீடு. முன்னால் வளைவு வைத்து, புதிதாக மஞ்சள் பெயிண்ட் அடித்து, பளபளவென்று இருந்தது. அப்பா வாசலிலேயே மயங்கிவிட்டார். அட்வான்ஸ் கொடுக்கக் கை சட்டைப் பைக்குள் போய்விட்டது. அம்மா மட்டும், "ஒரு மழை வரட்டும், அப்புறம் பேசலாம்" என்றாள். மழைக்கும் வீட்டு விலைக்கும் என்ன சம்பந்தம் என்று பெரியப்பா சிரித்தார்.

அடுத்த வாரம் நல்ல மழை பிடித்தது. அம்மா விடாப்பிடியாக நின்று பெரியப்பாவின் காரில் எங்களை அங்கே அழைத்துப் போக வைத்தாள். சாலைக்கும் சாக்கடைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. வளைவுக்குக் கீழே, கார் நிறுத்தும் இடத்தில், யாருடையதோ செருப்பு ஒன்று மெதுவாகச் சுற்றிச் சுற்றி மிதந்துகொண்டிருந்தது. அப்பா பையிலிருந்து கையை எடுத்துவிட்டார். பெரியப்பா, "இன்னிக்குக் கொஞ்சம் அதிக மழை லா" என்று மட்டும் சொன்னார்.

இரண்டாவது வீட்டை அம்மாவே கண்டுபிடித்தாள். கூட வேலை செய்யும் ஓர் அக்கா சொன்னது. அதே சுங்கை சோதான், ஆனால் கொஞ்சம் மேட்டில் இருந்தது. விற்கிறவர் கெர்லிங் பக்கத்துத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸராக இருந்து ஓய்வு பெற்றவர். மருந்து கொடுப்பது, கட்டுப் போடுவது எல்லாம் அந்தக் காலத்துத் தோட்டங்களில் டிரஸர்தான். இந்த வீட்டை முதல் தடவை பார்க்கவே மழைக்காகக் காத்திருந்து போனோம்.

காரில் பெரியப்பா எங்களுக்குப் பாடம் எடுத்தார். "வீடு புடிச்சிருக்குன்னு மொகத்துல காட்டக் கூடாது. காட்டினா வெலை ஏறிடும். எல்லாரும் மூஞ்சிய உம்முன்னு வச்சிக்கணும். பாப்பா, உனக்கும் சேத்துதான்." எப்படி என்று அவரே செய்து காட்டினார். அவருக்கு அதில் பெரிய சிரமம் இருக்கவில்லை.

டிரஸர் ஐயா கதவைத் திறந்து, நனைந்து வந்த எங்களுக்குத் துண்டு கொடுத்தார். வெள்ளைச் சட்டை, ஒட்ட வெட்டிய நரைத்த முடி, சுவரில் ஓர் இயேசு படம். கூடத்தில் பச்சையும் வெள்ளையுமாகச் சதுரம் போட்ட தரை. அப்படி ஒரு தரையில் நான் நின்றதே இல்லை. ஒவ்வொரு சதுரமாகக் குதித்துப் போக வேண்டும் என்று கால் துடித்தது. பெரியப்பா சொன்னது நினைவுக்கு வந்து, முகத்தை இறுக்கி, உதட்டைப் பிதுக்கி நின்றேன்.

டிரஸர் ஐயா என்னைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு குனிந்து நெற்றியில் புறங்கையை வைத்தார்.

"நாக்க நீட்டு."

நீட்டினேன். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார்.

"இந்தப் புள்ளைக்கு வயித்துப் பூச்சிக்கு மருந்து குடுத்தீங்களாம்மா?"

அம்மா சிரித்துவிட்டாள். அப்பாவும் சிரித்தார். பெரியப்பாவின் திட்டம் அதோடு பாதி போயிற்று.

அம்மா வேலையில் இறங்கினாள். எல்லாக் குழாயையும் ஒன்றாகத் திறந்துவிட்டு, தண்ணீரின் வேகம் குறைகிறதா என்று பார்த்தாள். குளியலறைத் தரையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, அது ஓட்டைப் பக்கம் போகிறதா, கதவுப் பக்கம் வருகிறதா என்று நின்று கவனித்தாள். கூடத்தின் நடுவில் கோலிக்குண்டை வைத்தாள். அது உருளாமல் அங்கேயே நின்றது. அடியில் பொள்ளலாக இருக்கிறதா என்று ஒரு நாணயத்தால் தரைக் கற்களைத் தட்டிக்கொண்டே போனாள். அலமாரிகளைத் திறந்து மோந்து பார்த்தாள். குடையோடு பக்கத்து வீட்டுக்குப் போய், அங்கிருந்த மலாய் அம்மாளை மக்சிக் என்று கூப்பிட்டு, இங்கே வெள்ளம் வருமா என்று மலாயில் கேட்டுவிட்டு வந்தாள். பெரியப்பா ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, கடமை தவறாமல் முகத்தை உம்மென்று வைத்திருந்தார்.

"வீட்ட ஏங்கய்யா விக்கிறீங்க?" என்று சமையலறையில் அம்மா கேட்டாள்.

"வீட்டம்மா போயிட்டாங்க. மக ஜொகூருக்கு வந்துருன்னு சொல்லுது" என்றார் அவர். சமையலறை அலமாரியின் கதவை ஒருமுறை திறந்து மூடினார். "இதெல்லாம் அவங்க பாத்துப் பாத்து செஞ்சது."

பிறகுதான் அம்மா மேலே அண்ணாந்து பார்த்தாள். நடையில், கூரைப் பலகையில் ஒரு சதுர மூடி இருந்தது. அதைத் திறந்து பார்க்கலாமா என்றாள். டிரஸர் ஐயா மெதுவாகப் பின்கட்டுக்குப் போய் ஏணியைக் கொண்டுவந்து போட்டார். அப்பாவின் தோள் அந்த ஓட்டைக்குள் நுழையவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

அம்மா ஏணியைப் பிடித்துக்கொள்ள, நான் டார்ச் விளக்கோடு ஏறி, தலையையும் தோளையும் உள்ளே நுழைத்தேன். ஓட்டின் மேல் மழை காது அடைக்கும்படி இரைந்தது. அதற்கு அடியில் வேறு சத்தமும் கேட்டது. டிக், டொக், டிங். விளக்கை அடித்துப் பார்த்தேன். பெயிண்ட் டின், பிளாஸ்டிக் பேசின், ஐஸ்கிரீம் டப்பா, ஒரு பழைய சட்டி, எல்லாம் வரிசையாக இருந்தன. எல்லாவற்றிலும் தண்ணீர்.

எங்கள் லயத்தில் குழாய்த் தண்ணீர் அடிக்கடி நின்றுவிடும். பாத்திரத்தில் பிடித்து வைப்பது எங்களுக்குப் பழக்கம். அதனால் எனக்கு இது நல்ல ஏற்பாடாகவே தோன்றியது.

"அம்மா, இங்க நெறைய தண்ணி புடிச்சு வச்சிருக்காங்க!" என்று சந்தோஷமாகக் கத்தினேன்.



"பாத்தியா, பாத்தியா!" என்று பெரியப்பா நாற்காலியிலிருந்து எழுந்து வரும் சத்தம் கேட்டது. அன்று முதன்முறையாக அவர் குரலில் மகிழ்ச்சி இருந்தது.

"நானே சொல்லணும்னுதான் இருந்தேன்" என்றார் டிரஸர் ஐயா. "முன்னாடி வந்தவங்ககிட்ட சொன்னேன். மறுபடி அவங்க வரவே இல்ல. இன்னிக்கு வாய் வரல." மழை பெய்யும் ஒவ்வொரு நாளும் அந்த வயதில் அவரே ஏறி, கையை நீட்டி, டின்களை எடுத்து ஊற்றிவிட்டு வருகிறார் என்பது பேச்சில் தெரிந்தது.

அம்மா என்னைத்தான் கேட்டாள்.

"பாப்பா, பக்கத்துல இருக்கிற கட்டைய நகத்தால அழுத்திப் பாரு. உள்ள போவுதா?"

"இல்லம்மா. எனக்குத்தான் வலிக்குது."

"ஈரமா இருக்கிற கட்டையிலயும் பாரு."

"அதுவும் கெட்டியாத்தான் இருக்கு."

"கரையான் மண்ணு ஏதாச்சும்?"

"இல்ல."

"ஓடு ஒடைஞ்சிருக்கா, நகந்திருக்கா?"

"நகந்திருக்கு. ஒரு எடத்துல வானம் தெரியுது."

"சரி, எறங்கு."

கூடத்தில் உட்கார்ந்து விலை பேசினார்கள். பெரியப்பா முந்திக்கொண்டு ஒரு விலை கேட்டார். அதைக் கேட்டதும் டிரஸர் ஐயா தரையைப் பார்த்தார். அவர் மறுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் சரி என்று சொல்லியிருப்பார் என்பது அப்பாவுக்கும் தெரிந்தது. அப்பா அம்மாவைப் பார்த்தார்.

"அவ்வளவு கொறைக்க வேணாம்" என்றாள் அம்மா. பெரியப்பா அப்பாவின் காலை மிதித்தார். அம்மா பேசிக்கொண்டே போனாள். "ஐயா, கட்டை நல்லா இருக்கு. ஓடு மட்டும்தான். எங்கூட வேலை செய்யிற அக்கா வீட்டுக்காரரு கூரை வேலை செய்யிறவரு. பழைய வீட்டுக்கு ஓடு சரி பண்ண எவ்வளவு ஆகும்னு அவருகிட்ட முன்னாடியே கேட்டு வச்சிருக்கேன். அந்தச் செலவ மட்டும் வெலையில கழிச்சுக்கலாம். இல்லாட்டி நீங்களே செஞ்சு குடுத்துருங்க, நீங்க கேட்ட வெலையே இருக்கட்டும்."

டிரஸர் ஐயா நிமிர்ந்து, "நானே செஞ்சு குடுத்துர்றேம்மா" என்றார்.

"ஆனா மேல சுத்துற காத்தாடி, கதவு கிரில், ஜன்னல் திரைக் கம்பி, தண்ணி டாங்கி, சமையல்கட்டு அலமாரி, எல்லாம் அப்படியே விட்டுட்டுப் போயிரணும். எதையும் கழட்டக் கூடாது. அதையும் எழுதிக்கலாம்."

"அந்த அலமாரி பழசு லா" என்று பெரியப்பா குறுக்கே விழுந்தார். "பேத்து எடுத்துட்டுப் புதுசு போடு. நான் எங்க வீட்டுல அப்படித்தான் செஞ்சேன்."

"எதுக்குப் பேக்கணும்? நல்ல மரம். அது அங்கயேதான் இருக்கும்" என்றாள் அம்மா.

டிரஸர் ஐயா எழுந்து உள்ளே போனார். வெகுநேரம் கழித்து எல்லாருக்கும் மைலோ கலக்கிக்கொண்டு வந்தார்.

திரும்பும் வழியில் பெரியப்பா காரை ஓட்டியபடியே அம்மாவின் முட்டாள்தனத்தை அப்பாவுக்கு விளக்கினார். அம்மா பின்னால் என் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். கொஞ்ச தூரம் போனதும், "உங்க வீட்டுல காத்தாடி, கிரில், அலமாரி எல்லாம் புதுசா போட எவ்வளவு ஆச்சு?" என்று அவரை மெதுவாகக் கேட்டாள். பெரியப்பா ரேடியோவைத் திறந்தார்.

வங்கி, வக்கீல் என்று எல்லாம் முடிய மாதங்கள் ஆயின. அதற்குள் டிரஸர் ஐயா கூரை ஓடுகளைச் சரி செய்து, மழை நாளில் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டியும்விட்டார். சாவி வாங்குகிற அன்றே பால் காய்ச்சிவிட வேண்டும் என்று அம்மா நல்ல நேரம் பார்த்து வைத்தாள். நேரம் விஷயத்தில் அவள் மிகவும் கண்டிப்பு. ராகு காலத்தில் எங்களைக் கடைக்குக்கூட அனுப்ப மாட்டாள்.

நாங்கள் போனபோது டிரஸர் ஐயாவின் மகள் கார் இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருந்தார். சாமான்களெல்லாம் ஏற்கெனவே ஜொகூர் போய்விட்டன. ஐயா கதவைப் பூட்டி, கிரில்லைப் பூட்டி, சாவிக்கொத்தை அம்மாவின் கையில் கொடுத்தார். வெளிக்கதவு வரை நடந்து போனவர் அங்கிருந்து திரும்பி வந்தார்.

"ஒரு நிமிஷம்மா. உள்ள ஒண்ண விட்டுட்டேன்."

அம்மா சாவியைத் திருப்பிக் கொடுத்தாள். அவர் திறந்துகொண்டு உள்ளே போனார்.

ஒரு நிமிஷம் போயிற்று. இன்னும் பல நிமிஷம் போயிற்று. பெரியப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நல்ல நேரம் முடியப் போவுது. கூப்பிடு லா." அம்மா பால் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு, "போனா போவட்டும், இருங்க" என்றாள். அந்த மாதிரி ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. காரில் இருந்த மகள் இன்ஜினை நிறுத்தினார். அவரும் இறங்கி வந்து தன் அப்பாவைக் கூப்பிடவில்லை. நல்ல நேரம் முடிந்துபோயிற்று. யாரும் அசையவில்லை.

டிரஸர் ஐயா வெளியே வந்தார். முகம் கழுவியதுபோல் ஈரமாக இருந்தது. பூட்டி, சாவியை மறுபடியும் அம்மாவிடம் கொடுத்து, என் தலையில் கை வைத்துவிட்டுக் காரில் ஏறினார்.

நான் அவர் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டும் வெறுங்கை. சட்டைப் பையும் தட்டையாகத்தான் இருந்தது. அவ்வளவு நேரம் தேடியும் பாவம், கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

குடிவந்த பிறகு பல நாள் நான் அதைத் தேடினேன். ஜன்னல் விளிம்புகளில், கதவுக்குப் பின்னால், சமையலறை அலமாரியின் ஒவ்வொரு தட்டிலும். என்ன தேடுகிறாய் என்று அம்மா கேட்டதற்கு, டிரஸர் ஐயா விட்டுவிட்டுப் போனதை என்றேன். அவள் என்னைத் திட்டவில்லை, எதையும் விளக்கவும் இல்லை. கிடைத்ததும் பத்திரமாகச் சுற்றி ஜொகூருக்கு அனுப்பிவிடலாம் என்று நான் பழைய செய்தித்தாள்கூட எடுத்து வைத்திருந்தேன்.